தூரத்து எதிரி விமானம் ஏன் தெரிவதில்லை? போர் விமான சிமுலேட்டர்களில் பார்வையைச் சரிசெய்வது எப்படி?

போர் விமான சிமுலேட்டர் கேம்களில் கொஞ்ச நாள் பழகியவர்கள் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். ரேடாரில் எதிரி விமானம் 6 கி.மீ. தூரத்தில் இருப்பதாகக் காட்டுகிறது. வானம் தெளிவாக இருக்கிறது. ஆனால் மானிட்டரில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. அடுத்த அரை நிமிடத்தில் அந்த விமானம் நம் பின்னால் வந்து சுட்டுவிடுகிறது. இதற்கு நேர் எதிரான புகாரும் உண்டு. வேறு சில கேம்களில் 20 கி.மீ.க்கு அப்பால் உள்ள விமானம்கூட வெள்ளைத் தாளில் வைத்த மைப்புள்ளி போலப் பளிச்சென்று தெரிகிறது.

மூன்றாவது ரகம் இன்னும் வேடிக்கையானது. செலவு செய்து 4கே மானிட்டர் வாங்கிய பிறகு, பழைய மானிட்டரில் தெரிந்த எதிரிகள் காணாமல் போய்விட்டதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான்.

இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றே. நிஜ வானத்தைக் கண் பார்க்கும் முறையும், அதை மானிட்டர் காட்டும் முறையும் வேறுவேறு. இந்த வித்தியாசத்தை ஒரு கால்குலேட்டரை வைத்தே கணக்கிடலாம். கணக்கிட்டுவிட்டால் எந்த செட்டிங்கை மாற்றவேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது தெரிந்துவிடும். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு பிக்ஸல் எத்தனை மீட்டர்?

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி பயன்படுத்திய மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி ரக விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 9.92 மீட்டர். கணக்குக்கு 10 மீட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மானிட்டரின் ரெசல்யூஷன் 1920 × 1080. கேமில் பார்வைக் கோணம், அதாவது எஃப்ஓவி, 90 டிகிரி. பல கேம்களில் காக்பிட் வசதியாகத் தெரிவதற்காக ஏறக்குறைய இந்த அளவைத்தான் வைத்திருப்பார்கள். 90 டிகிரி கோணத்தில் 10 கி.மீ. தூரத்தைப் பார்த்தால், ஸ்கிரீனின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை 20 கி.மீ. அகலம் அடங்கும். அந்த 20,000 மீட்டரை 1920 பிக்ஸல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு பிக்ஸலுக்கு 10.4 மீட்டர். அதாவது 10 கி.மீ. தூரத்தில் நமது மெஸ்ஸர்ஷ்மிட் முழுவதும் ஒரே ஒரு பிக்ஸலுக்குள் அடங்கிவிடுகிறது. 5 கி.மீ.யில் இரண்டு பிக்ஸல். 3 கி.மீ.யில் மூன்று பிக்ஸலுக்குச் சற்று அதிகம். இது இறக்கையின் அகலம் மட்டும்தான். நேர் எதிரே வரும் விமானத்தின் இறக்கை தகடு போல மெலிந்திருக்கும். உயரத்தில் அதற்குப் பத்தில் ஒரு பங்கு பிக்ஸல்கூடக் கிடைக்காது.

இப்போது மனிதக் கண்ணைப் பாருங்கள். கண் டாக்டரிடம் போனால் சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்வார். அதில் சரியான பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய நுணுக்கம் ஒரு ஆர்க் மினிட். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் இது. 10 கி.மீ. தூரத்தில் இது 2.9 மீட்டருக்குச் சமம். மானிட்டரில் ஒரு பிக்ஸல் 10.4 மீட்டர், கண்ணுக்கு 2.9 மீட்டர். ஆக, நிஜக் கண்ணைவிட மூன்றரை மடங்கு மங்கலான கண்ணோடுதான் நீங்கள் சண்டைக்குப் போகிறீர்கள்.

படம் சுருங்கியிருக்கிறது

ரெசல்யூஷனைக் கூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். பிரச்னையின் இன்னொரு பாதி பிக்ஸல் எண்ணிக்கையில் இல்லை, படத்தின் அளவில் இருக்கிறது.

24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 53 செ.மீ. நீங்கள் 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், அந்த மானிட்டர் உங்கள் கண்ணில் அடைக்கும் கோணம் 48 டிகிரிதான். ஆனால் அதற்குள் கேம் 90 டிகிரி உலகத்தைத் திணித்துக் காட்டுகிறது. அகலமான போட்டோவைச் சிறிய ஃப்ரேமில் சுருக்கி மாட்டியது போலத்தான் இது. படத்தில் உள்ள எல்லாமே சிறுத்துவிடும். காக்பிட்டில் உள்ள மீட்டர்கள் சிறுத்தால் பரவாயில்லை, அவை பக்கத்தில் இருக்கின்றன. தூரத்து விமானம் சிறுத்தால் மறைந்தே போய்விடும்.

எத்தனை மடங்கு சுருங்கியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கச் சுலபமான கணக்கு உண்டு. ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு மானிட்டரில் படம் தெரியும் பகுதியின் அகலத்தை அளந்து பாதியாக்குங்கள். கண்ணுக்கும் ஸ்கிரீனுக்கும் உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். கேமின் பார்வைக் கோணத்தில் பாதியை எடுத்து அதன் டேன் மதிப்பைக் காணுங்கள். இதற்கு விண்டோஸ் கால்குலேட்டரில் சயின்டிஃபிக் வசதியைத் தேர்வு செய்யவேண்டும். கோணம் டிகிரியில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண் தூரத்தை டேன் மதிப்பால் பெருக்கி, பாதி அகலத்தால் வகுத்தால் விடை கிடைத்துவிடும்.

நம் உதாரணத்தில் 45 டிகிரியின் டேன் மதிப்பு 1. எனவே 60 × 1 ÷ 26.5 = 2.26. உலகம் 2.26 மடங்கு சுருங்கியிருக்கிறது. 15.6 அங்குல லேப்டாப்பை 50 செ.மீ. தூரத்தில் வைத்து விளையாடினால் விடை 2.9 வரும். 32 அங்குல மானிட்டரை 70 செ.மீ. தூரத்தில் வைத்தால் ஏறக்குறைய 2. இந்தக் கணக்கில் பிக்ஸல் எண்ணிக்கை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 4கே மானிட்டர் வாங்கினாலும் அளவும் தூரமும் மாறாவிட்டால் சுருக்கம் அப்படியேதான் இருக்கும். விமானத்தின் வடிவம் மட்டும் கொஞ்சம் கூர்மையாகும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். நீளத்தில் 2.26 மடங்கு சுருங்கினால் பரப்பில் 2.26 × 2.26, அதாவது சுமார் 5 மடங்கு சுருங்கும். இந்த ஐந்துதான் மிக முக்கியமான எண். மிகச் சிறிய பொருள் ஒன்று கண்ணில் படுமா என்பதை அதன் பரப்பையும் காண்ட்ராஸ்டையும் பெருக்கி வரும் தொகைதான் முடிவு செய்கிறது. இத்தாலிய வானியலாளர் ரிக்கோ 1877-ல் கண்டறிந்த விதி இது. பரப்பு ஐந்தில் ஒன்றானால் கண்ணுக்குக் கிடைக்கும் தகவலும் ஐந்தில் ஒன்றாகிவிடும்.

ஜூம் செய்வது ஏமாற்று வேலையா?

ஆன்லைனில் விளையாடுபவர்களிடையே நீண்டகாலமாக ஓடும் சண்டை இது. "பைலட்டின் கண்ணில் ஜூம் லென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். மேலே உள்ள கணக்கிலேயே பதில் இருக்கிறது. பார்வைக் கோணத்தை 30 டிகிரியாகக் குறைத்தால், 1920 பிக்ஸல் மானிட்டரின் நடுப்பகுதியில் ஒரு டிகிரிக்குச் சுமார் 62 பிக்ஸல் கிடைக்கும். நிஜக் கண்ணின் நுணுக்கம் ஒரு டிகிரிக்கு 60. ஆக, ஜூம் செய்யும்போதுதான் பைலட்டின் உண்மையான கண்ணுக்குச் சமமாகிறோம். அதற்குக் கொடுக்கும் விலை, பக்கவாட்டில் உள்ள எதுவும் தெரியாமல் போவது. நிஜ வாழ்க்கையிலும் கூர்மையான பார்வை நடுவில் சுமார் 2 டிகிரிக்கு மட்டுமே உண்டு என்பதால் இது ஒன்றும் பெரிய அநியாயம் இல்லை. ஜூமைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்பதே என் கருத்து. ஜாய்ஸ்டிக்கில் உள்ள ஒரு ஸ்லைடரையோ, த்ராட்டிலில் உள்ள சிறிய சக்கரத்தையோ ஜூமுக்கு ஒதுக்கி வைத்தால் கை பழகிவிடும்.

கருப்புப் புள்ளியின் கதை

2001-ல் வெளிவந்த ஐஎல்-2 ஸ்டர்மோவிக் கேமை நினைவிருக்கிறதா? தூரத்து விமானங்களை அது சிறு புள்ளிகளாக வரைந்தது. பிக்ஸல் கணக்கில் புள்ளி வைத்தால் என்ன ஆகும்? ஒரே அளவு மானிட்டரில் 1024 × 768 ரெசல்யூஷனில் ஒரு பிக்ஸல் பெரியது, 1600 × 1200-ல் சிறியது. பரப்பில் இரண்டரை மடங்கு வித்தியாசம். விளைவு, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்கள் வேண்டுமென்றே ரெசல்யூஷனைக் குறைத்து வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். அழகான படத்தைத் தியாகம் செய்தவருக்கு எதிரி முதலில் தெரிந்தான். 4கே மானிட்டர் வாங்கியவரின் இன்றைய புகாரும் இதே கதைதான். 1920 பிக்ஸல் மானிட்டரில் இருந்த ஒரு பிக்ஸல் புள்ளி, அதே அளவு 4கே மானிட்டரில் பரப்பில் கால் பங்காகிவிடுகிறது.

புள்ளி வைப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. நிஜ வானத்தில் தூரம் கூடக்கூட விமானம் சிறுத்தால் மட்டும் போதாது, மங்கவும் வேண்டும். காற்றில் உள்ள தூசும் ஈரமும் ஒளியைச் சிதறடித்து, விமானத்துக்கும் வானத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஜெர்மானிய விஞ்ஞானி கோஷ்மீடர் 1924-ல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். அதை வீட்டுக் கணக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். வானிலை அறிக்கையில் வரும் விசிபிலிட்டி தூரத்தை 5.6 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அத்தனை கி.மீ.க்கு ஒருமுறை காண்ட்ராஸ்ட் பாதியாகும். விசிபிலிட்டி 20 கி.மீ. என்றால் ஏறக்குறைய மூன்றரை கி.மீ.க்கு ஒருமுறை பாதி. 5 கி.மீ.யில் 38 சதவீதம் மிஞ்சும். 10 கி.மீ.யில் 14 சதவீதம். 20 கி.மீ.யில் வெறும் 2 சதவீதம். கண்ணால் பிரித்தறியும் எல்லை அது.

இப்போது இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம். மானிட்டரில் வானத்தின் பிரகாசம் 0 முதல் 255 வரையிலான அளவில் 180 என்று வைத்துக்கொள்வோம். காமா போன்ற நுணுக்கங்களை இங்கே விட்டுவிடலாம். 10 கி.மீ. தூரத்தில் பக்கவாட்டில் தெரியும் மெஸ்ஸர்ஷ்மிட் ஒரு பிக்ஸலில் எட்டில் ஒரு பங்கை மட்டும் மறைக்கும். மூட்டத்தால் காண்ட்ராஸ்ட் 14 சதவீதம். 180-ல் 14 சதவீதம் 25. அதில் எட்டில் ஒன்று 3. அதாவது 180 என்ற வானத்தில் 177 என்று ஒரே ஒரு பிக்ஸல். எந்தக் கண்ணும் இதைப் பார்க்காது. சுருக்கத்தைச் சரிசெய்து ஐந்தால் பெருக்கினால் 15 வரும். 180 இருக்கும் இடத்தில் 165. எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்திருந்தால் கண்டுபிடிக்கலாம், தெரியாவிட்டால் தவறவிடலாம். நிஜ பைலட்டின் நிலையும் ஏறக்குறைய இதுதான். கருப்புப் புள்ளி வைக்கும் கேமிலோ வித்தியாசம் முழு 180. இருக்கவேண்டியதைப் போல 12 மடங்கு! 'தெரியவே இல்லை' என்பவரும் 'எல்லாமே தெரிகிறது' என்பவரும் ஒரே சமயத்தில் சரியாகச் சொல்வது எப்படி என்பது இப்போது புரிந்திருக்கும்.

அளவைவிடக் காண்ட்ராஸ்ட் முக்கியம்

இதற்கு ஒரு சரித்திர உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்கக் கடற்படை யெஹூடி லைட்ஸ் என்ற சோதனையை நடத்தியது. அவெஞ்சர் என்ற விமானத்தின் முன்புறம் வரிசையாக விளக்குகளைப் பொருத்தினார்கள். விமானத்தை மறைக்க விளக்கு போடுவதா என்று தோன்றும். வானம் பிரகாசமானது, விமானம் இருட்டானது. அதனால்தான் அது தெரிகிறது. விளக்கின் ஒளியை வானத்தின் ஒளிக்குச் சமமாக வைத்துவிட்டால் விமானம் வானத்தோடு கரைந்துவிடும். 1945-ல் நடந்த சோதனைகளில் இப்படி விளக்கு பொருத்திய அவெஞ்சர், கப்பலில் இருந்தவர்கள் கண்ணில் படாமல் சுமார் 2,700 மீட்டர் வரை நெருங்கிவிட்டது. விமானத்தின் அளவு ஒரு அங்குலம்கூட மாறவில்லை. ரேடார் மேம்பட்டபிறகு இந்த முயற்சியைக் கைவிட்டார்கள்.

அளவுக்கும் பங்கு உண்டுதான். 1965 போரில் நமது விமானப்படை பறக்கவிட்ட நாட் விமானத்தின் இறக்கை அகலம் 7 மீட்டருக்கும் குறைவு. எதிரே வந்த சேபர் விமானத்துக்கு 11 மீட்டருக்கு மேல். சின்ன உருவமே நாட் விமானத்துக்குக் கவசமாக இருந்தது. வியட்நாமில் இதே கதை வேறு விதமாக நடந்தது. மிக்-21 விமானத்தின் இறக்கை அகலம் 7.15 மீட்டர்தான். அமெரிக்காவின் ஃபான்டம் அதைவிட மிகப் பெரியது. போதாக்குறைக்கு அதன் ஜே79 எஞ்சின் கரும்புகை விட்டுக்கொண்டே போகும். விமானம் தெரிவதற்கு முன்பே புகை தெரிந்துவிடும். பிற்பாடு ஃபான்டம் விமானத்தின் இடது இறக்கையில் டெலஸ்கோப் வைத்த டி.வி. கேமரா ஒன்றைப் பொருத்தினார்கள். அதன் பெயர் டிஸியோ. நிஜ பைலட்டே ஜூம் கேட்டு வாங்கியிருக்கிறார் என்று ஜூம் விவாதத்தில் தாராளமாகச் சொல்லலாம்!

நல்ல சிமுலேட்டர் என்றால் புகை, ஆவிக்கோடு, கண்ணாடி மூடியில் வெயில் பட்டு மின்னும் பளிச் ஒளி ஆகிய மூன்றையும் விமானத்தைவிட அதிக தூரத்துக்குக் காட்டவேண்டும். கடைசியில் சொன்னதை எந்த மானிட்டராலும் முழுமையாகக் காட்ட முடியாது. சூரிய ஒளியின் பிரதிபலிப்பு அத்தனை பிரகாசமானது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

விமானத்தின் உருவத்தைத் தூரத்துக்குத் தக்கபடி சற்றுப் பெரிதாக்கி வரைவது ஒரு வழி. ஸ்மார்ட் ஸ்கேலிங் என்று இதைச் சொல்கிறார்கள். 2003-ல் இதைப்பற்றி ஓர் ஆய்வு செய்தார்கள். எதிரி விமானம் எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்பதை நிஜத்தில் எவ்வளவு தூரத்தில் பைலட் கண்டுகொள்கிறாரோ, அதே தூரத்தில் சிமுலேட்டரிலும் கண்டுகொள்ள உருவத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கவேண்டும் என்பதே கேள்வி. ஃபால்கன் 4.0 என்ற 1998-ம் ஆண்டு கேமைத் தொடர்ந்து மேம்படுத்திவரும் ஃபால்கன் பிஎம்எஸ் குழு இந்த வழியைப் பின்பற்றியது.

ஆனால் இதில் மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது, கிட்டத்தில் பெரிதாக்கவே கூடாது. மஸ்டாங் பி-51டி விமானத்தில் கே-14 என்ற குறிபார்க்கும் கருவி இருந்தது. எதிரி விமானத்தின் இறக்கை அகலத்தை அதில் செட் செய்து, வட்டத்துக்குள் எதிரியின் உருவம் பொருந்தும்படி வைத்தால் தூரத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். உருவத்தைச் செயற்கையாக ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால், 600 மீட்டரில் இருக்கும் எதிரியை 400 மீட்டரில் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். குண்டுகள் எல்லாம் வீண். எனவே ஒரு கி.மீ.க்குள் உருவம் அசல் அளவில்தான் இருக்கவேண்டும்.

இரண்டாவது, ஜூம் செய்தால் பெருக்கல் குறையவேண்டும். 30 டிகிரி ஜூமில் நமது சூத்திரத்தின் விடை 0.6. ஒன்றுக்குக் கீழே! அதாவது படம் ஏற்கனவே நிஜத்தைவிடப் பெரிதாகத்தான் இருக்கிறது. அங்கே மேலும் பெருக்கினால் சிறிய போர் விமானம் ஜம்போ ஜெட் போல நிற்கும். மூன்றாவது, உருவத்தைப் பெரிதாக்கும்போது மூட்டத்தின் மங்கலை எடுத்துவிடக்கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

டிசிஎஸ் வேர்ல்டு கேமில் 2015-ல் வந்த 1.5 பதிப்பில் உருவத்தைப் பெரிதாக்கும் ஆப்ஷன் ஒன்று இருந்தது. பிறகு அதை நீக்கிவிட்டார்கள். 2023-ல் வந்த 2.9 பதிப்பிலிருந்து தூரத்து விமானங்களுக்குப் புள்ளி வரையும் முறையை மாற்றி அமைத்தார்கள். ஐஎல்-2 வரிசையின் புதிய கேமான கிரேட் பேட்டில்ஸில் ஆல்டர்நேட் விசிபிலிட்டி என்ற செட்டிங் இருக்கிறது. தூரத்து விமானங்களைச் சற்றுப் பெரிதாகக் காட்டும். ஆன்லைனில் இதை முடிவு செய்வது சர்வரை நடத்துபவர்.

டிசிஎஸ் கேமில் விமானத்தின் மேல் பெயரும் தூரமும் காட்டும் லேபிள்களும் உண்டு. இடது ஷிஃப்ட் கீயுடன் எஃப்10 கீயை அழுத்தினால் அவை வந்து போகும். கற்றுக்கொள்ளும் முதல் வாரத்துக்கு இவை நல்லது. அதன்பிறகு புள்ளி மட்டும் காட்டும் வகையை வைத்துக்கொண்டால் போதும். முழு லேபிளோடு பழகிவிட்டால் வானத்தைப் பார்க்கும் பழக்கமே போய்விடும்.

உங்கள் கம்ப்யூட்டரில் சரிபார்க்க வேண்டியவை

முதலில் ஸ்கிரீனைத் துடையுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு தூசுத் துகள் 10 கி.மீ. தூரத்து விமானத்தைவிடப் பெரியது.

கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ஆன்ட்டி-அலையாசிங் அடுத்தது. இதை முழுவதும் ஆஃப் செய்தால், பிக்ஸலின் மையப்புள்ளியில் விமானம் விழுந்தால் மட்டுமே வரையப்படும்; விழாவிட்டால் வரையப்படாது. எனவே தூரத்து விமானம் மின்மினிப்பூச்சி போல அணைந்து அணைந்து எரியும். இப்படி மினுக்குவதால் கண்ணில் எளிதில் படுகிறது என்று சிலர் வேண்டுமென்றே ஆஃப் செய்கிறார்கள். நிஜத்தில் எந்த விமானமும் அப்படி மினுக்காது. எம்எஸ்ஏஏ 4 மடங்கு என்று வைத்தால் ஒரு பிக்ஸலுக்குள் நான்கு இடங்களில் சோதித்துச் சராசரி எடுக்கும். தூரத்து விமானங்களுக்கு இது நல்ல தேர்வு. டிஏஏ, டிஎல்எஸ்எஸ் போன்றவை முந்தைய ஃப்ரேம்களையும் கலந்து படத்தை உருவாக்குகின்றன. நிலப்பரப்பு அழகாக இருக்கும். ஒரு பிக்ஸல் அளவுள்ள விமானம் மட்டும் இழுபட்டு வால் விடலாம், அல்லது கரைந்தே போகலாம். உங்கள் கார்டில் இரண்டையும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். ரெசல்யூஷனை எப்போதும் மானிட்டரின் இயல்பான அளவிலேயே வையுங்கள்.

விஆர் ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் உலகம் சுருங்குவதில்லை, எனவே சூத்திரத்தின் விடை 1. ஆனால் மெட்டா க்வெஸ்ட் 3 போன்றவற்றில் ஒரு டிகிரிக்கு 25 பிக்ஸல்தான். விமானம் சரியான அளவில், ஆனால் மங்கலாகத் தெரியும்.

ஃப்ளைட்கியரில் செய்து பார்ப்போம்

பணம் கொடுத்து வாங்கிய கேம்களில் உள்ளே கை வைக்க முடியாது. ஃப்ளைட்கியர் இலவசமானது, ஓப்பன் சோர்ஸ். பாம்பபிள் என்ற இணைப்பைச் சேர்த்தால் அதில் வான்சண்டையும் போடலாம். நமக்குத் தேவையான வசதி அதில் ஏற்கனவே இருக்கிறது. டிஸ்ட்-ஸ்கேல் என்ற அனிமேஷன் அது. பார்ப்பவருக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து உருவத்தைப் பெரிதாக்கும்.

எதிரியாக வரும் விமானத்தின் ஃபோல்டரில் மாடல்ஸ் என்ற துணை ஃபோல்டரைத் திறந்து, மாடலின் எக்ஸ்எம்எல் ஃபைலை முதலில் வேறு இடத்தில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பிறகு நோட்பேடில் திறந்து, கடைசி டேகுக்கு முன்பாக அனிமேஷன் என்ற டேகைச் சேருங்கள். அதற்குள் டைப் என்ற டேகில் டிஸ்ட்-ஸ்கேல் என்று எழுதவேண்டும். அடுத்து இன்டர்போலேஷன் என்ற டேக். அதற்குள் ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு என்ட்ரி. என்ட்ரிக்குள் இன்ட் என்ற டேகில் தூரத்தை மீட்டரிலும், டெப் என்ற டேகில் எத்தனை மடங்கு என்பதையும் தரவேண்டும். எல்லா டேகுகளும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இருக்கவேண்டும். திறந்த டேகை மூட மறக்காதீர்கள்.

90 டிகிரி பார்வைக்கும் 24 அங்குல மானிட்டருக்கும் இப்படித் தொடங்கலாம். 0 மீட்டருக்கு 1. 1000 மீட்டருக்கும் 1. 3000 மீட்டருக்கு 1.7, 5000 மீட்டருக்கு 2.2, 15000 மீட்டருக்கும் 2.2. இடைப்பட்ட தூரங்களை ஃப்ளைட்கியரே கணக்கிட்டுக்கொள்ளும். ஆப்ஜெக்ட்-நேம் என்ற டேகைத் தராவிட்டால் முழு மாடலுக்கும் இது பொருந்தும்; நமக்கு வேண்டியது அதுதான்.

ஃப்ளைட்கியர் தொடங்கும்போது பார்வைக் கோணம் சுமார் 55 டிகிரியாக இருக்கும். அதற்குச் சூத்திரத்தின் விடை 1.2 மட்டுமே. எனவே 90 டிகிரிக்கான எண்களைப் போட்டுவிட்டு 55 டிகிரியில் பறந்தால் எதிரி அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரிவான். டிஸ்ட்-ஸ்கேல் ஜூமைக் கவனிப்பதில்லை, தூரத்தை மட்டுமே பார்க்கும். ஆகவே நீங்கள் வழக்கமாகப் பறக்கும் கோணத்தை முடிவு செய்துகொண்டு, அதற்கான எண்ணையே உச்ச மதிப்பாக எழுதுங்கள். எக்ஸ் கீயை அழுத்தினால் ஜூம் உள்ளே போகும். ஷிஃப்டுடன் அழுத்தினால் வெளியே வரும். எல்ஓடி எல்லை குறைவாக இருந்தால் தூரத்து மாடல் வரையப்படாமலே போகும், அதையும் கூட்டி வையுங்கள்.

சோதித்துப் பார்க்கும் முறை எளிது. வானிலையில் விசிபிலிட்டியை 20 கி.மீ. என வைத்து, எதிரி விமானம் ஒன்றை உங்கள் உயரத்திலேயே எதிரே வரவையுங்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். எந்த தூரத்தில் முதலில் தெரிகிறது என்பதை ஒரு தாளில் குறியுங்கள். அடுத்து வீட்டில் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு, எதிரி வரும் திசையை அவரே தேர்வு செய்யும்படி சொல்லி, நீங்கள் தேடிக் கண்டுபிடிக்கும் தூரத்தைக் குறியுங்கள். இரண்டாவது தூரம் முதலாவதைவிட மிகக் குறைவாக இருக்கவேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் டெப் எண்கள் அதிகம் என்று அர்த்தம், 0.2 வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியாக, எதிரியை அடிவானத்துக்குக் கீழே, காடு பின்னணியாக இருக்கும்படி பறக்கவிட்டு இன்னொரு முறை குறியுங்கள். மூன்று எண்களையும் அந்த எக்ஸ்எம்எல் ஃபைலிலேயே கமென்டாக எழுதி வைத்துவிட்டால் அடுத்த மானிட்டர் வாங்கும்போது உதவும்.